பாசி பிடிக்காத தொட்டி

காசிநாதனுக்கு மேட்டுக்காலனியில் இரண்டு பெயர். எதிரில் நின்றால் மாப்பிள்ளை, முதுகைத் திருப்பினால் கடல்காரன். இரண்டிலும் மரியாதை கிடையாது. பெண்டாட்டி ஊரில் வந்து குடியிருக்கிறவனுக்கு எந்த ஊரில்தான் மரியாதை இருந்தது? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். காசிநாதன் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

பிறந்தது களமருதூர்ப் பக்கம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, பதினாறு வயசில் நெல் லாரியில் தொற்றிக்கொண்டு கடலூர் முதுநகருக்குப் போனான். துறைமுகத்தில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற பட்டறை ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. அங்கே பன்னிரண்டு வருஷம். வேலை என்னவென்றால், படகின் அடிவயிற்றைச் சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது. கடலில் ஆறு மாசம் கிடந்த படகைக் கரையேற்றினால் தண்ணீருக்குள் இருந்த பாகம் முழுக்கப் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டிருக்கும். அதைத் தகட்டால் சுரண்டி, கழுவி, காயவைத்து, செங்கல் நிறத்தில் ஒரு பெயிண்ட் பூசுவார்கள். அடிப்பெயிண்ட் என்று பேர். பூசிவிட்டால் பாசி பிடிக்காது, சிப்பி ஒட்டாது, படகு லேசாக ஓடும். படகுக்கடியில் மல்லாந்து படுத்து, மூஞ்சியிலும் கழுத்திலும் சொட்டச் சொட்ட அவன் பூசின படகுகள் எத்தனையோ.

அந்த வேலைக்கு இரண்டு வழக்கம் இருந்தது. ஒன்று, பூசின அடிப்பெயிண்ட்டை வெயிலில் போட்டு வதைக்கக் கூடாது. ஒன்றிரண்டு நாளில் அது தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் வீரியம் போய்விடும். அதனால் கடைசிக் கை பூசி முடிந்ததும் பட்டறையே படகைத் தள்ள ஓடிவரும். இன்னொன்று, டப்பாவில் மிஞ்சினது பூசினவனுக்கு. முதலாளி கேட்க மாட்டார். முதுநகர் சந்துகளில் பாதி வீட்டுக் கதவும் ஜன்னலும் அந்தச் செங்கல் நிறத்தில்தான் இருக்கும்.

ஆயம்மாளைக் கட்டிக்கொண்டு முதுநகருக்கே கூட்டிப் போனான். அவளுக்குக் கருவாட்டு வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பிரசவத்துக்கு மேட்டுக்காலனியில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், கலையரசி பிறந்த பிறகு திரும்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாசம் பார்த்தான் காசிநாதன். பிள்ளை முகம் மறந்துபோய்விடும் போலிருந்தது. பட்டறைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சுரண்டுகிற தகட்டை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு கச்சிராயபாளையத்துக்கு பஸ் ஏறினான்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் படகு பெயிண்டருக்கு என்ன வேலை? ஆதிமூலத்தின் கரும்புக் கொல்லையில் களை வெட்டப் போனான். ஆதிமூலம் ஊர்த்தெருக்காரர், நாலு ஏக்கர் கரும்பு வைத்திருந்தார். கத்தின கத்தல் போக நல்ல மனுஷன். காலனி இளவட்டங்கள்தான் காசிநாதனை விடவில்லை. கரும்பில் செவ்வழுகல் நோய் வந்தால், "மாப்ள, கரும்புக்கு ஒரு கை அடிப்பெயிண்ட் அடிச்சிப் பாக்கறதுதான?" என்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு பிடிக்காமல் உட்கார்ந்திருப்பான். பன்னிரண்டு வருஷம் கற்ற தொழில் இந்த ஊரில் ஒரு வேடிக்கைப் பேச்சாகிப் போனதில் அவனுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

எண்பத்தேழாம் வருஷம் ஆவணியில் அவனுக்கு ஒரு நல்ல காலம் வந்தது போலிருந்தது. கோமுகி அணையில் மீன் குத்தகை எடுத்தவர் கடலூரிலிருந்து ஒரு பழைய மரப்படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கூடவே ஒரு பெரிய டப்பா அடிப்பெயிண்ட். படகை விற்றவன் தலையில் கட்டியிருக்க வேண்டும். அணைத் தண்ணீரில் சிப்பி ஏது? ஆனாலும் குத்தகைக்காரர் விசாரித்துக்கொண்டு காலனிக்கு வந்து, "இங்க படகு பெயிண்ட் அடிக்கிறவரு யாருங்க?" என்று கேட்டார். அடிக்கிறவரு. அந்த 'ரு'வைக் கேட்டு ஆயம்மாள் வீட்டுக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

நாலு நாள் வேலை. படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, தகட்டால் சுரண்டி, பலகை இடுக்கில் பஞ்சுத்திரி அடைத்து, இரண்டு கை பூசினான். கடைசி நாள் சாயங்காலம் குத்தகைக்காரர், "வெள்ளிக்கெழம நல்ல நேரம் பாத்து எறக்கலாமே" என்றார். காசிநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்குக் காலைல தண்ணியப் பாத்துடணுங்க. காஞ்சிதுன்னா வீரியம் போயிடும்" என்று கறாராகச் சொன்னான். மறுநாள் காலனி ஆம்பளைகள் இருபது பேர் தோள் கொடுத்துப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். அது சறுக்கிக்கொண்டு போய் நிமிர்ந்து நின்றபோது, ஆயம்மாளின் அண்ணன் பொன்னுரங்கம், காலனியில் அதிகாரிகளோடு நிமிர்ந்து நின்று பேசக்கூடிய ஒரே ஆள், "பரவால்ல மாப்ள, தொழில்காரன்தான் நீ" என்றான். நாலு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. காசிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

டப்பாவில் கால்வாசிக்கு மேல் மிஞ்சியிருந்தது. மிஞ்சினது பூசினவனுக்கு.

இனி சொல்லப் போவதை நினைத்தால் அவன் மேல் கோபப்படுவதா, அவனுக்காக அழுவதா என்று தெரியவில்லை. காலனி நடுவில் பஞ்சாயத்து கட்டின சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. ஆள் உயரம், மேலே ஓர் ஆள் இறங்குகிற மாதிரி மூடி, கீழே மூன்று குழாய். நாற்பது வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். ஊர்த்தெருக் கிணற்றில் அவர்கள் வாளி விட முடியாது, அது ஊரறிந்த சங்கதி. அந்தத் தொட்டியோ உள்ளே பச்சைப் பசேலென்று பாசி ஏறிக் கிடந்தது. குழாயைத் திறந்தால் புழு நெளியும். பெண்கள் முந்தானையை நாலாக மடித்து வடிகட்டித்தான் குடம் நிரப்புவார்கள். பொன்னுரங்கம் மனுக்கொடுத்து மனுக்கொடுத்து அலுத்திருந்தான்.

பாசிக்கு எதிரியான பெயிண்ட் ஒரு பக்கம், பாசி பிடித்த தொட்டி ஒரு பக்கம். காசிநாதனுக்கு இரண்டையும் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குள் இறங்கினான். பகல் முழுக்கத் தகட்டால் சுரண்டினான். சுண்ணாம்பு போட்டுக் கழுவினான். காயவைத்து, மறுநாள் சுவர் நாலும் தரையும் அடிப்பெயிண்ட் பூசினான், படகுக்குப் பூசினதைவிடக் கவனமாக. மேலே ஏறி வந்தபோது ஒரு கூட்டமே நின்று எட்டிப் பார்த்தது. புதுச் சிவப்பில் தொட்டி கோயில் மாதிரி இருந்தது.

"தண்ணி எப்ப உடலாம் மாப்ள?" என்று கேட்டான் பொன்னுரங்கம்.

"நாளைக்கே உட்ரணும் மச்சான். தண்ணியப் பாத்தாதான் இதுக்கு உயிரு."

"மொத தண்ணியத் தொறந்து உட்டுட்டு, அப்பால ரொப்பிக்கலாமா?"

"வாணாம், வாணாம். மொத தண்ணிதான் முக்கியம். படகெல்லாம் அப்பிடியேதான் எறக்குவோம்."

செவ்வாய்க்கிழமை மோட்டார் போட்டு நிரப்பினார்கள். தண்ணீர் பளிங்காக விழுந்தது. இரும்பைத் தொட்டு நக்கினாற்போல லேசாக ஒரு ருசி. மருந்து ருசி, நாலு நாளில் போய்விடும் என்றான் காசிநாதன். புழு இல்லை, பாசி இல்லை, வடிகட்டுகிற வேலை இல்லை. எதிர் வீட்டுப் பழனி, கரும்பு வெட்டுகிறவன், எல்லாரையும் முந்திக் கேலி பேசுகிறவன், ஒரு சொம்பு குடித்துவிட்டு, "இனிமே உன்ன எவனாவது கடல்காரன்னு சொன்னா பல்லப் பேத்துடறன்" என்றான். அன்றைக்குக் கலையரசி தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்கப்பா பெயிண்ட் அடிச்ச தண்ணி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு ஐந்து வயசு.

வியாழக்கிழமை மறியல் ஆரம்பித்தது.

படிப்பிலும் உத்தியோகத்திலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊர்த்தெருக்காரர்களின் சங்கத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். வட மாவட்டங்கள் முழுக்கப் பற்றிக்கொண்டது. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, சைக்கிள்கூட வயல் வரப்பில்தான் போனது. ஆதிமூலமும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முதல் மரத்தடியில் போய் உட்கார்ந்தார். அவர் மகன் இளவரசன் பி.ஏ. முடித்து மூன்று வருஷமாக வீட்டில் இருந்தான். பிள்ளைக்காக உட்கார்ந்த அப்பனைக் குறை சொல்ல யாரால் முடியும்? ஆனால் காலனிக்கு உள்ளூரப் பயம் இருந்தது. கிழக்கே எங்கோ குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. நிஜமோ பொய்யோ, இளவட்டங்கள் தடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்கள்.

மோட்டார் போடுகிறவன் ஊர்த்தெருக்காரன். அவனும் மறியலில் இருந்தான். எனவே தொட்டித் தண்ணீர் மாறவில்லை. அதே தண்ணீர் அந்தச் சிவப்புச் சுவருக்குள் நாள் கணக்கில் நின்று ஊறியது. காலனி அதைச் சிக்கனமாகக் குடித்தது.

சனிக்கிழமை பழனிக்கு வாந்தி. சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பேர். ஞாயிறு விடிந்தபோது ஒன்பது பேர் படுத்துவிட்டார்கள், ஆறு பேர் பிள்ளைகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். வாந்திபேதி என்று எல்லாரும் நினைத்தார்கள். போன வருஷம் வந்த நர்சம்மா சொல்லிக் கொடுத்தபடி, தொட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்பும் சர்க்கரையும் போட்டு, படுத்தவர்களுக்குச் சொம்பு சொம்பாகப் புகட்டினார்கள். புகட்டப் புகட்ட வாந்தி அதிகமானது.

அந்த ஒன்பதில் கடைசியாக விழுந்தவள் கலையரசி. காசிநாதன் அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை ஓங்கரித்து அவன் வெள்ளைத் துண்டில் வாந்தி எடுத்தது. அவன் அதைப் பார்த்தான். நீலம் கலந்த பச்சை.

அந்த நிறத்தை அவனுக்குத் தெரியும். முதுநகர் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம், பெயிண்ட் கையைச் சரியாகக் கழுவாமல் கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு, மணலில் முட்டிபோட்டு அவனே இதே நிறத்தில் வாந்தி எடுத்திருக்கிறான். மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்று சிரித்தார். "பெயிண்ட்டத் துன்னுட்டியா? சிப்பிக்கே ஆவாதது உனக்கு ஆவுமா?" அன்றைக்கு அதை ஒரு கிண்டலாகத்தான் கேட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு கையை ஒழுங்காகக் கழுவினான், அவ்வளவுதான். சிப்பி ஏன் ஒட்டவில்லை, பாசி ஏன் பிடிக்கவில்லை என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவன் யோசிக்கவில்லை. அது சாகிறது, அதனால் ஒட்டவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் கொண்டுவந்து நாற்பது வீட்டுக் குடிதண்ணீரில் பூசியிருந்தான்.

ஆயம்மாள் தம்ளரைப் பிள்ளை வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் தட்டிவிட்டான். தம்ளர் உருண்டு சுவரில் மோதியது.

"உனக்கு இன்னா பைத்தியமா?"

"அந்தத் தண்ணி வாணாம். யாருக்கும் குடுக்காத. தண்ணிலதான் வெஷம்."

சொன்னது பாதி. பூசினவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. வாசலில் பொன்னுரங்கம் நின்றுகொண்டிருந்தான். பாதியைக் கேட்டதும் மீதியை அவனே போட்டு நிரப்பிக்கொண்டான்.

"வெஷமா? நானும் நெனச்சன். வெள்ளிக்கெழம விடியல்ல ஆதிமூலம் தொட்டியாண்ட நின்னுக்கினு இருந்தத நாலு பேரு பாத்துருக்கறாங்க. கன்னுக்குட்டியத் தேடறேன்னானாம். நம்ம தொட்டிக்குள்ளயா கன்னுக்குட்டி பூந்துக்கினு இருக்குது?"

அப்போதே காசிநாதன் சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று நாலு வார்த்தை. அவன் சொல்லவில்லை. பயம். அடிப்பார்கள் என்று மட்டும் இல்லை. பிழைக்க வந்த இடத்தில், நேற்றுத்தான் தொழில்காரன் என்று பேர் வாங்கின இடத்தில், ஒன்பது பேரைக் கிடத்தினவன் என்று நிற்க வேண்டுமே என்கிற பயம். அவன் வாயைத் திறந்து மூடுவதற்குள் பொன்னுரங்கம் தெருவில் இறங்கி நாலு வீட்டு வாசலில் சொல்லிவிட்டான். ஊர்க்காரன் தொட்டியில் விஷம் போட்டுவிட்டான். தீ பிடிக்கிற மாதிரி பிடித்தது அந்தப் பேச்சு. படுத்துக்கிடக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு நியாயம் சொல்லவா தோன்றும்? பதினாலு பேர் தடியும் கரும்பு வெட்டுகிற கத்தியுமாக ரோட்டைப் பார்த்து நடந்தார்கள்.

ரோட்டில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினாலு பேர் முந்நூறு பேரை அடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஜோசியம் தேவையில்லை. இருட்டுவதற்குள் மேட்டுக்காலனி சாம்பலாகும். காசிநாதனுக்கு அது கண்முன்னே தெரிந்தது. சாகப்போகிறவர்கள் ஒன்பது பேர் மட்டும் இல்லை என்று தெரிந்தது. கலையரசியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மூலையில் கிடந்த காலி டப்பாவை மறு கையில் எடுத்துக்கொண்டான். ஓடினான்.

பிள்ளை தோளில் தலை தொங்கிக் கிடந்தாள். "அப்பா, வயிறு வலிக்குதுப்பா" என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. சொல்லாதது அவனுக்கு இன்னும் கிலியாக இருந்தது.

அவன் போய்ச் சேர்ந்தபோது சாய்ந்த புளியமரத்துக்கு இந்தப் பக்கம் பொன்னுரங்கமும், அந்தப் பக்கம் ஆதிமூலமும் நின்றுகொண்டிருந்தார்கள். முந்நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். ஆதிமூலம் ஒன்றும் புரியாமல், "இன்னாடா வெஷம்? யாருடா போட்டது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் கையில் கத்தி இருந்தது.

காசிநாதன் நடுவில் போய் மரத்தின் மேல் ஏறி நின்றான். இரைத்தது.

"மச்சான், அவுரு போடல. நான்தான்."

பொன்னுரங்கம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆண்டையக் காப்பாத்த வந்துட்டியா? அவன் கொல்லையில கூலி வாங்கறவன்தான நீ. எறங்குடா கீழ."

"சத்தியமா நான்தான் மச்சான். இந்தப் பெயிண்ட்டு வெஷம். எனக்குத் தெரியல. பாசி சாவறதுக்குன்னு பூசறது, நாம குடிச்சா நமக்கும் அதான். புள்ள வாந்தியப் பாரு, பச்சக் கலரு. நான் கடலூர்ல இதே கலருல எடுத்துருக்கறன்."

"பொய்யி" என்றான் கூட்டத்தில் ஒருத்தன். நம்பவில்லை. தன் மேல் குற்றம் சொல்லிக்கொள்கிறவனைக்கூட நம்ப மறுக்கிற நேரம் அது. காசிநாதன் அழ ஆரம்பித்தான்.

"மொத தண்ணியத் தொறந்து உட்ரலாமான்னு நீ கேட்டியே மச்சான். நெனச்சிப் பாரு. கேட்டியா இல்லியா? வாணாம்னு சொன்னது யாரு?"

பொன்னுரங்கம் இப்போது திரும்பினான். கேட்டது அவனுக்கு நினைவு வந்துவிட்டது. முகம் மெல்ல மாறியது. கத்தியைக் கீழே போட்டான். மரத்தின் மேல் ஏறி, பிள்ளையைக் காசிநாதன் தோளிலிருந்து பிடுங்கிப் பின்னால் நின்றவனிடம் கொடுத்தான். அப்புறம் அறைந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. காசிநாதன் கையைத் தூக்கவில்லை. கிளைகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தான். முந்நூறு பேரும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடிக்கறத அப்பால வெச்சிக்கலாம்" என்றார் ஆதிமூலம். "எத்தினி பேரு படுத்துருக்கறாங்க?"

"ஒம்போது" என்றான் பொன்னுரங்கம்.

"டிராக்டர எடுடா இளவரசு. டிரெய்லர மாட்டு."

மரத்தை நகர்த்தினால் பின்னாலேயே போலீஸ் வண்டி வந்துவிடும் என்று ஒரு பையன் முணுமுணுத்தான். ஆதிமூலம் அவனிடம் சண்டை போடவில்லை. "மரம் அப்பிடியே இருக்கட்டும். என் கொல்லையில உட்டு ஓட்டு" என்றார். வெட்டுக்கு நின்ற கரும்பை மிதித்துக்கொண்டு டிராக்டர் காலனிக்குப் போனது. வைக்கோல் பரப்பி ஒன்பது பேரையும் கிடத்தினார்கள். கள்ளக்குறிச்சி வரை எத்தனை மரம் குறுக்கே கிடக்கிறதோ, அத்தனை இடத்திலும் இறங்கிச் சொல்லி வழி வாங்குவதற்காக ஆதிமூலமே முன்னால் ஏறிக்கொண்டார். பொன்னுரங்கம் பின்னால் ஏறினான்.

காசிநாதன் உதட்டில் ரத்தத்தோடு ஓடிவந்து டிரெய்லரைப் பிடித்தான். டப்பாவை உள்ளே வைத்தான். "டாக்டரு கிட்ட இத்தக் காட்டுங்க. இங்கிலீஷ்ல இன்னாமோ எழுதியிருக்குது." ஒரு காலை மேலே வைத்தான்.

ஆயம்மாள் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "நீ வராத."

அவன் காலை எடுத்துக்கொண்டான். வண்டி போய்விட்டது.

அதற்கப்புறம் நாலு நாள். காலனியில் அவனோடு யாரும் பேசவில்லை. அடிக்கக்கூட யாரும் வரவில்லை, அது அதைவிட மோசம். குழாய் மூன்றையும் திறந்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்தான். உள்ளே இறங்கி அந்தச் சிவப்பைச் சுரண்டினான். வெளியே வரவே பிடிக்கவில்லை அவனுக்கு. சுரண்டின தூளைச் சாக்கில் கட்டி, ஆட்டுமாடு போகாத மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தான். குடிக்கத் தண்ணீருக்குக் காலனிப் பெண்கள் ஆதிமூலத்தின் பம்புசெட்டுக்குப் போனார்கள். அவர் வீட்டுக்காரம்மா கமலா ஒன்றும் சொல்லாமல் மோட்டாரைப் போட்டுவிட்டாள். காசிநாதன் எல்லாரும் பிடித்துப் போன பிறகு கடைசியாகப் போய் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்தான்.

கலையரசி செத்துப்போயிருப்பாள் என்று அவன் முடிவு செய்துவிட்டான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை முடிவு செய்தான். தகட்டைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து, இல்லை, இருப்பாள் என்பான். அப்புறம் மறுபடியும் சுரண்டுவான். கடவுளைக் கும்பிடவும் வாய் வரவில்லை. என்ன சொல்லிக் கேட்பது?

புதன்கிழமை பொன்னுரங்கம் வரப்பு வழியாக நடந்தே திரும்பி வந்தான். தொட்டி ஓரமாக நின்று உள்ளே பார்த்துச் சொன்னான்.

"பழனி போயிட்டான். முந்தா நாளு. அவனுக்கு ஈரல் முன்னயே கெட்டிருந்துதாம், தாங்கல."

காசிநாதன் தகட்டைக் கீழே வைத்தான்.

"மத்தவங்க பொழச்சிக்குவாங்க. டப்பாவ டாக்டரு படிச்சிப் பாத்தாரு. அத வெச்சித்தான் மருந்து குடுத்தாரு. குடிக்கற தண்ணியாண்ட வெக்கக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்குதாம், பெரிய எழுத்துல." போகத் திரும்பினான். "படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்திருந்தா போதும், மாப்ள." சொல்லிவிட்டுப் பழனியின் வீட்டைப் பார்த்து நடந்தான்.

பழனியின் பெண்டாட்டி அழுத அழுகை காசிநாதன் காதில் விழுந்தது. போய் நிற்க வேண்டும் என்று ஏறி வந்தான். பாதித் தெருவில் கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து தொட்டிக்குள் இறங்கிக்கொண்டான்.

மறியல் முடிந்து, மரங்களை இழுத்துப் போட்டு, முதல் பஸ் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. ஆயம்மாள் அதில் வந்து இறங்கினாள். கலையரசி நடந்து வந்தாள். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, நடை தள்ளாடினாலும் தன் காலால் நடந்து வந்தாள். காசிநாதன் வாசலில் எழுந்து நின்றான். ஓடிப்போய்த் தூக்க வேண்டும் போலிருந்தது. தூக்கலாமா என்று தெரியாமல் நின்றான்.

"தாகமா இருக்குது" என்றாள் பிள்ளை, வீட்டுக்குள் வந்ததும்.

அவன் பாய்ந்து போய்க் குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு கொண்டுவந்தான். பம்புசெட்டுத் தண்ணீர், காலையில் பிடித்தது. முட்டிபோட்டு உட்கார்ந்து நீட்டினான். கலையரசி தம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனவள் நிறுத்தினாள். உள்ளே பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கி, அவனைத் தாண்டி, பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"குடிக்கலாமாம்மா?"

ஆயம்மாள் குனிந்து பிள்ளை கையிலிருந்து தம்ளரை வாங்கினாள். தான் ஒரு வாய் குடித்தாள். முழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அதற்குப் பிறகுதான் பிள்ளையிடம் கொடுத்தாள்.